திரைப்படக் காரும் ‘வாகனம்’ என்னும் கருத்தும்: ‘படிக்காதவன்’ படத்தை முன்வைத்து

புகழ்பெற்ற திரைப்படக் கார்களின் ஈர்ப்புக்கு வேகமும் தொழில்நுட்பமுமே காரணமாகப் பெரிதும் கூறப்படுகின்றன. ‘கோல்டுஃபிங்கர்’ (1964) படத்தில் ஜேம்ஸ் பாண்டு ஓட்டும் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 இதற்குச் சான்று. அது மறைகருவிகள் பொருத்தப்பட்ட போர்க்கலம். ‘படிக்காதவன்’ (1985) படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற வாடகைக் கார் ஓட்டுநரின் ‘லட்சுமி’ இதனின்று வேறுபடுகிறது. அது பிழைப்புக்குரிய பழைய கார். கிளம்ப மறுக்கையில் ஓட்டுநர் அதனைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறார். குறையுடைய அக்காரே பார்வையாளர் நினைவில் நிலைத்தது.

இதன் வேர் ‘வாகனம்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பில் உள்ளது. அச்சொல் இறைவனின் ஊர்தியையும் மோட்டார் வண்டியையும் ஒருங்கே சுட்டும். திருத்தணி மலைக்கோயிலில் இவ்விரு பொருளையும் ஒருசேரக் காணலாம். அங்கு முருகனுக்கு யானை வாகனமாக அமைந்திருப்பது சிறப்பு. மலைமேல் செல்லச் சாலை இருப்பதால் புதிய கார்களும் பூசைக்குக் கொண்டுவரப்படுகின்றன. மாலையிட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சை வைத்துப் பூசித்த வண்டி, உடைமை என்னும் நிலையைக் கடந்து குடும்ப நலத்தோடு பிணைகிறது.

திரை மரபும் இதற்குத் துணைநின்றது. முருக பக்தரான சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த ‘நல்ல நேரம்’ (1972) படத்தில் யானைகள் நாயகனுக்குத் துணையாயின. ‘படிக்காதவன்’ படத்தில் அவ்விடத்தைக் கார் பெற்றது. இப்படம் ‘குத்தார்’ (1982) என்னும் இந்திப் படத்தின் தழுவலே. ஆயினும், சோறிடும் காருக்குத் திருமகளின் பெயர் இடப்பட்டமை தமிழ் இல்லங்களின் மனப்பாங்கோடு ஒத்திசைகிறது. ஆகவே, தமிழ்ச் சூழலில் திரைப்படக் காரின் நிலைபேற்றை ஆராய்வோர், அதன் வேகத்தினும் அதற்கு வழங்கப்படும் உறவையே முதன்மையாகக் கொள்ளுதல் வேண்டும்.