கடிகாரம் எண்ணும் நாடி

ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், அடியில் பச்சை ஒளி மினுக்குவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூட, திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே கடிகாரம் நாடித்துடிப்பைச் சொல்கிறது. பட்டை தளர்ந்தாலோ, தோலில் பச்சை குத்தியிருந்தாலோ கணக்கு தடுமாறும்.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 60 பேருக்கு இத்தகைய ஏழு கருவிகளைக் கட்டிவிட்டு, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. பாராட்ட வேண்டிய துல்லியம்தான்!

கலோரிக் கணக்கோ முற்றிலும் வேறு கதை. இருப்பதிலேயே நல்ல கருவிகூட 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். கடிகாரம் காட்டும் கலோரியை நம்பி இன்னொரு வடையை எடுப்பது சரியல்ல. கருமையான தோல் உடையவர்களிடம் பிழை கூடியதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. நம் ஊரில் இதை மறக்கக் கூடாது.

ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நேயர்களே, நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.