கழுத்தில் தெரிந்தது, தாளில் தெரிவது

1950-களில், இமயமலை அடிவாரத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் தைராய்டு நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் தேவைப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் முன்கழுத்து வீங்கியிருந்தது. பெரியவர்களில் சிலருக்கு அது பையாகத் தொங்கியது. இன்று சென்னையிலோ மதுரையிலோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காத்திருப்பவர்களின் கழுத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது. கையிலுள்ள தாளில், டிஎஸ்எச் என்பதற்கு எதிரே தடித்த எழுத்தில் ஓர் எண் இருக்கும். அன்று ஊர் முழுக்கப் பார்த்த நோய், இன்று சோதித்தால் மட்டுமே தெரிகிற நோயாகியிருக்கிறது.

மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கும் தைராய்டு சுரப்பியின் எடை சுமார் 20 கிராம். உணவிலுள்ள அயோடினைப் பிடித்து, டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் செய்வது அதன் வேலை. உடலின் சூடு, இதயத் துடிப்பு, குடலின் இயக்கம், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாம் அவற்றை நம்பியிருக்கின்றன. ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான். எழுபது ஆண்டுக் கணக்கைக் கூட்டினாலும் 4 கிராமைத் தாண்டாது. அதுவும் கிடைக்காதபோது மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, டிஎஸ்எச்சைக் கூடுதலாகச் சுரந்து தைராய்டை முடுக்குகிறது. முடுக்கப்பட்ட சுரப்பி வீங்குகிறது. மழையும் பனியாறும் அயோடினை அரித்துப்போன மலை மண்ணில் விளைந்ததை உண்டவர்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இந்தக் காரணம் எளிதில் பிடிபடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைப்பகுதியான கில்கிட்டில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், குடிநீரிலுள்ள ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று கருதினார். அங்குள்ள தண்ணீரை வடிகட்டியபோது தங்கிய வண்டலைத் தாமே குடித்துச் சோதித்தார். பின்னர் அவர் குன்னூரில் உருவாக்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பணியாற்றியவர்களுள் ஒருவர் வி. ராமலிங்கசுவாமி. 1956-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் காங்கிரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, ஒன்றுக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் பெற்ற இரண்டு பகுதிகளிலும் கழுத்து வீக்கம் வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்புப் பகுதியில் குறையவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு சென்றது, வீக்கம் குறைந்தது. 1962-இல் நாடு தழுவிய கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. 2006 மே முதல், மக்கள் உண்ண விற்கும் உப்பில் அயோடின் இருப்பது கட்டாயம்.

மருந்தின் கதையும் இதே அளவுக்கு மாறியிருக்கிறது. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றி முகமும் உடலும் ஊதிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தப் பெண் எழுந்து நடமாடி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1914-இல் டி4 எனப்படும் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல், பின்னர் சுமார் 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து சேர்த்தது 33 கிராம். இன்று தினம் 100 மைக்ரோகிராம் மாத்திரை உண்பவருக்கு ஓராண்டுக்கு வேண்டியது 36.5 மில்லிகிராம். விலங்கு எதுவும் தேவையில்லாமல் ஆலையில் தயாராகிச் சிறு புட்டியில் அடங்கிவிடுகிறது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு அதைப் போட்டுக்கொண்டு, காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருப்பது இன்று எத்தனையோ வீடுகளின் காலை வழக்கம்.

நோயை அறியும் முறையில்தான் பெற்றதும் இழந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அன்று மருத்துவர் நோயாளியின் பின்னால் நின்று, இரு கை விரல்களையும் முன்கழுத்தில் பதித்து, ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொல்வார். விரலுக்கடியில் சுரப்பி ஏறி இறங்கும்போது அதன் அளவும் கடினமும் கட்டி இருக்கிறதா என்பதும் தெரியும். நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே தசைநாணை ரப்பர் சுத்தியால் தட்டுவார். உதைத்த பாதம் தயங்கித் தயங்கிப் பழைய நிலைக்குத் திரும்பினால், சுரப்பு குறைவு என்று கொள்வார். ஆனால் நோய் முற்றிய பிறகுதான் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். இன்று சில மில்லி ரத்தம் போதும். நோயாளி உணர்வதற்கு முன்பே டிஎஸ்எச் உயர்ந்துவிட்டதைச் சொல்லிவிடுகிறது. அந்தத் துல்லியத்துக்கு ஈடு கிடையாது. அதே நேரம், எண் முதலில் வருவதால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது அருகிவருகிறது. டிஎஸ்எச் சற்றே கூடியிருந்தால், சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டிய இடத்திலும் மாத்திரை தொடங்கிவிடுகிறது.

நோயின் முகமும் வேறு. இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,376 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், தைராய்டுக் குறைவு 10.95 விழுக்காட்டினருக்கு இருந்தது, பெண்களில் 15.86, ஆண்களில் 5.02. மொத்தத்தில் 3.47 விழுக்காட்டினர் பரிசோதனைக்கு வரும்வரை அதை அறியவே இல்லை. களைப்பு, குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு, எடை கூடுதல், மனச்சோர்வு ஆகியவற்றை வேலைப்பளு என்றும் வயதாகிறது என்றும் சொல்லித் தாங்கிக்கொள்ளும் பெண்கள் இன்றும் நிறையப் பேர். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்த இந்த நோயை உப்பால் தடுக்க முடியாது. தக்க நேரத்தில் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதுதான் வழி.

குழந்தைகளுக்குக் கிடைத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய பேறு. அன்று தைராய்டு சுரக்காமல் பிறந்த குழந்தை நாக்குத் தடித்து, வளர்ச்சி குன்றி, பேச்சு வராமல் நின்றபோது அதை விதி என்று ஏற்றுக்கொண்டார்கள். காரணம் தெரியவந்தபோது மூளை வளரும் பருவம் கடந்திருந்தது. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தை இக்குறையோடு பிறக்கிறது. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு குத்து, சில சொட்டு ரத்தம், இரண்டு வாரத்துக்குள் மாத்திரை என்றால், அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளரும். ஆனால் இந்தப் பரிசோதனை இன்னும் நாட்டின் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகவில்லை.

உப்பிலும் வேலை முடியவில்லை. அன்று உப்பு வண்டிக்காரர் தெருவில் படியால் அளந்து போட்ட கல் உப்பு, அடுக்களை மரவையில் ஈரம் கசிந்தபடி இருந்தது. கடலில் விளைந்தாலும் அதில் அயோடின் மிகக் குறைவு. இன்று பாக்கெட்டில் வரும் உப்பு நம்மைக் காக்கிறது என்றாலும், கல் உப்பும் இந்துப்பும்தான் இயற்கையானவை என்ற நம்பிக்கை பல வீடுகளில் அதை ஓரம்கட்டுகிறது. 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9, எல்லா மாநிலங்களையும்விடக் குறைவு. உப்பு விளையும் தூத்துக்குடியும் வேதாரண்யமும் உள்ள மாநிலத்துக்கு இது பெருமை அல்ல.

எனவே உப்பு வாங்கும்போது சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கல் உப்புதான் பழக்கம் என்றால், அயோடின் சேர்த்ததாகக் கேட்டு வாங்கி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். மாத்திரை தொடங்கியவர்கள், உடல் தேறிவிட்டது என்று தாமாக நிறுத்த வேண்டாம். பிறந்த குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன், குதிகால் ரத்தத்தில் தைராய்டு பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.