காரின் மூக்கும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

கம்ப்யூட்டர் வாங்கியதும் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம். கணக்குப் போடத்தான் அது பிறந்தது என்பதை மறந்துவிடுகிறோம். இந்த மாதம் அதை வைத்து ஒரு காரின் மூக்கை ஆராய்வோமா?

நான் நாகர்கோவில்காரன். என் சித்தப்பா மகன் தன் காரை ஸ்போர்ட்ஸ் கார் போல மாற்றினான். முன் பம்பருக்குக் கீழே ஸ்ப்ளிட்டர் என்னும் தட்டையான பலகை. கிரில்லில் முக்கால் பங்கை மூடி ஒரு பைபர் தகடு. ஆடி மாதம் அதில் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். முப்பந்தல் காற்றாலைகள் கண்ணில் பட்ட நேரம், "அண்ணே, சூடு ஊசி மேல போகுது பாரு" என்றான். ஓரமாக நிறுத்தினோம். இன்னும் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஒரு மாதச் சம்பளத்தோடு.

ஆளைத் தள்ளும் காற்றில் கார் எப்படிச் சூடாகும்? தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாக வருகிறது. நாங்கள் போனதும் அதே திசை. கார் 60 கி.மீ., காற்று 40 கி.மீ. வேகம் என்றால் கிரில்லைத் தொடுவது வெறும் 20தான். அதிலும் முக்கால் வாசலை அடைத்துவிட்டோம்!

திரும்பும்போது காற்று எதிரே. இதை எக்செல்லில் (இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கும் போதும்) பார்க்கலாம். ஏ1 செல்லில் கி.மீ. வேகத்தை டைப் செய்யுங்கள். பி1ல் =(ஏ1/3.6)^2*0.42/9.8 என்று கொடுங்கள். ஏ எழுத்தை ஆங்கிலத்தில் அடிக்கவும். சாதாரணக் காரைக் காற்று எத்தனை கிலோ விசையுடன் தடுக்கிறது என்பது கிடைக்கும். 80க்கு 21 கிலோ. எதிர்க்காற்று 30 சேர்ந்து 110 ஆனால் 40 கிலோ! வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. பெட்ரோல் எங்கே போகிறது என்று இப்போது புரிகிறதா?

சரி, ஸ்ப்ளிட்டர்? மூக்கில் மோதித் தேங்கும் காற்று பலகையை மேலிருந்து அழுத்தும். ஒன்றரை மீட்டர் அகலம், 10 செ.மீ. நீளப் பலகைக்கு 60 கி.மீ. வேகத்தில் இது அதிகபட்சம் இரண்டரை கிலோ. 100ல் 7 கிலோ. ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை.

பந்தயத்தில் கதை வேறு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக பார்முலா 1 ஓட்டிய 2005ல், முன் இறக்கையை 5 செ.மீ. உயர்த்த விதி வந்தது. இறக்கை தரையை நெருங்கினால் அடியில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் தரையோடு உறிஞ்சப்படும். நம் கணவாயில் காற்று வேகமெடுப்பதும் நெருக்கடியால்தான். அந்தப் பிடிமானத்தைக் குறைக்கவே 5 செ.மீ.!

இதைப் படமாகப் பார்க்க ஓபன்போம் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. காரைச் சுற்றியுள்ள இடத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வேகமும் அழுத்தமும் கணக்கிடும். 10 லட்சம் கட்டங்களுக்குத் தோராயமாக 1 ஜிபி ராம் தேவை. புதியவர்களுக்குக் கடினம்தான், மறைக்கவில்லை. அதனுடன் வரும் மோட்டார் சைக்கிள் உதாரணத்தை மட்டும் முதலில் ஓடவிடுங்கள். படம் வரையும் வேலை மிச்சம்.

அது ஓடும்போது உங்கள் கேபினெட்டின் முன்புறத்தையும் பாருங்கள். துணி போட்டு மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். தம்பி பைபர் தகட்டைக் கழற்றிவிட்டான். ஸ்ப்ளிட்டரை மட்டும் விடமாட்டேன் என்கிறான், பார்க்க நன்றாக இருக்கிறதாம்.