சடங்குக்கு மொய் உண்டு, படிப்புக்கு?

பிளஸ் டூ முடித்த நம் பெண் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கலந்தாய்வுக்குப் போகிறார்கள். இடமும் கிடைத்துவிடுகிறது. அன்று மாலை வீட்டில்தான் பேச்சு நின்றுபோகிறது. கல்லூரியில் சேரும்போது கட்ட வேண்டிய தொகை, விடுதி என்றால் பெட்டி, தட்டு, போர்வை, இரண்டு செட் துணி, பஸ் செலவு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். நூறு நாள் வேலைக் கூலியே பாக்கி நிற்கிற வீடு அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடக்கும்?

நாம் பார்த்தவரை, பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் கடக்க வைக்கிறார்கள். "இந்த மாசச் சீட்டு எனக்குத்தான், நீ வாங்கிக்கக்கா" என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி காதில் கிடக்கும் அரைப் பவுனைக் கழற்றித் தருகிறாள். இதற்குக் கொடை என்று யாரும் பெயர் வைப்பதில்லை. நம் ஊரில் கொடை என்றால் கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பெயர் எழுதியிருக்க வேண்டுமே!

ஒரு பெண் பிள்ளைக்குச் சரியான நேரத்தில் கிடைக்கும் உதவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்க்கையே சாட்சி. 1926இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தது அம்மாதான். மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவும் விடுதியும் கிடைத்ததால் அந்தப் பிள்ளை பட்டம் வரை படித்தார். சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்து, மறுமணம் செய்துகொண்டவர். பெண்ணுக்குப் படிப்பு என்ன செய்யும் என்று தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர்.

படித்த கிருஷ்ணம்மாள் என்ன செய்தார்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981இல் லாப்டி என்ற நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கி, கூலிக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்களின் பெயரில் பதிவானது. குடித்து விற்கவோ அடகு வைக்கவோ ஆண்களால் முடியாது. இப்படிக் கைமாறிய நிலம் 13,000 ஏக்கருக்கு மேல். விடுதியில் ஒரு பிள்ளைக்குப் போட்ட சோறு என்று அதை யாரும் கணக்கு எழுதியிருக்க மாட்டார்கள்.

சௌந்தரத்துக்கு வசதி இருந்தது, நமக்கு ஏது என்று கேட்கலாம். மதுரை பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளைக்கு என்ன வசதி இருந்தது? எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி. களஞ்சியம் குழுக்களில் பெண்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தைக் கொண்டு கந்துவட்டியை எதிர்த்து நின்றார். ஸ்திரீ சக்தி விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது.

ஆனால் நம்மிடமும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் பிளெக்ஸ் பேனர், பந்தல், தாய்மாமன் சீர், மைக் செட். மொய் நோட்டில் பெயர் எழுத வரிசை நிற்கிறது. கடன் வாங்கியாவது வைத்துவிடுகிறோம், திரும்பச் செய்ய வேண்டுமே என்று. அதே பிள்ளை நாலைந்து வருடம் கழித்துக் கல்லூரிக்குப் போகும்போது ஒரு வெற்றிலைப் பாக்குகூட வைப்பதில்லை. கல்லூரிக்கு அனுப்புவது அந்த வீட்டுப் பாடு என்று விட்டுவிடுகிறோம். அந்த வீடு வாரத் தவணைக்குக் கடன் கொடுக்கும் கம்பெனிக்காரரிடம் போகிறது. பிறகு வாரா வாரம் அவர் வாசலில் நிற்கும்போது அம்மா பின்பக்கம் போய் ஒளிகிறாள்.

அரசு உதவி இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திட்டம் அது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியலின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. ஆனால் இவை சேர்ந்த பிறகு, விண்ணப்பித்த பிறகு வருகிற பணம். செலவோ சேரும் அன்றே நிற்கிறது. உதவித்தொகையைச் சேர்க்கை நேரத்திலேயே கொடு என்று கேட்பது நம் உரிமை, அதை விடக் கூடாது. அதுவரை நடுவில் கிடக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தை நிரப்பக் குழுப் பெண்களால் முடியும்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். பொங்கல் முடிந்ததும் குழுக் கூட்டத்தில் ஒரு தனி நோட்டுப் போடுங்கள். மாதம் ஆளுக்கு இருபதோ ஐம்பதோ, முடிந்ததைப் போடுங்கள். அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது, வேறு செலவுக்கும் எடுக்கக் கூடாது. உதவித்தொகை வந்ததும் பிள்ளை திருப்பிப் போடட்டும். அது வராமல் போனால் வேலை கிடைத்த பிறகு போடட்டும். குழுவில் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். அப்பா இல்லாத பிள்ளை, குடிகார வீட்டுப் பிள்ளை என்றால் முதலில் அவளுக்குத்தான். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தெருவில் பேசக் கூடாது. வாங்கியவள் தலை குனிந்தால் படிப்பில் மனம் போகாது.

மாணவிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றும் தேர்வு முடிவு வருமுன் கையில் இருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்ட அக்காமார்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு சாயங்காலம் தெருவில் உட்கார்ந்து தங்கச்சிகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். குழு நோட்டில் கணக்கு எழுதுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.