ஓடாத சக்கரத்தின் குளிர்காலம்

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு முகாம் வண்டி என்பது, தனக்கென எஞ்சின் இல்லாமல், படுக்கையையும் அடுப்பையும் மேசையையும் ஒரே அறைக்குள் அடக்கிக்கொண்டு, பெரும்பாலும் ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும் மட்டுமே தாங்க ஓடும் வீடாகும். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், வின்னிபெக் நகரில், ரே ஓலெக்கோ என்பவர் 1968இல் உருவாக்கிய போலர் வண்டி இவ்வகையில் பெயர்பெற்றது. கண்ணாடியிழையில் வார்த்த மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் பொருத்திச் செய்த, 13 அடி நீளமே உள்ள அவ்வண்டியின் உடல் துருப்பிடிப்பதில்லை என்பதால், ஐம்பது ஆண்டு கடந்த போலர்களும் இன்று சாலையில் காணப்படுகின்றன. ஆயினும் அந்த ஓட்டைத் தாங்கும் ரப்பருக்கும் இரும்புக்கும் அத்தகைய ஆயுள் இல்லை. அக்டோபரில் நிறுத்தப்பட்டு ஏப்ரல் கடந்தே மீண்டும் சாலைக்கு வரும் வண்டியின் டயர், பூ தேய்ந்து கழிவதைவிட நின்ற இடத்தில் கெட்டுக் கழிவதே மிகுதி.

டயர் நிற்கும்போது ஏன் கெடுகிறது என்பதை அறிய, ரப்பரின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் எனப்படும் இணைப்புகள் உள்ளன. காற்றில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் ஓசோன் வாயு இப்பிணைப்புகளைத் தாக்கி அறுக்கிறது. தளர்ந்த நிலையில் உள்ள ரப்பரில் இத்தாக்குதல் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரிலோ, அறுந்த இடம் வாய்பிளந்து உள்ளிருக்கும் புதிய ரப்பரை வெளிக்காட்டுவதால், வெடிப்பு மேலும் ஆழமாகிறது. சுமை ஏறிய டயரின் பக்கச்சுவர் தரையருகே பிதுங்கி இழுபட்டு நிற்குமாதலால், மெல்லிய வெடிப்புகள் முதலில் அங்கேயே தோன்றுகின்றன. இதைத் தடுக்கவே உற்பத்தியாளர்கள் மெழுகையும் ஓசோன் தடுப்பு வேதிப்பொருள்களையும் ரப்பரில் கலக்கின்றனர். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது இவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து மெல்லிய காப்புப் படலமாகப் படிகின்றன. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் டயரில் இக்கசிவு மந்தமடைகிறது. (இத்தடுப்புப் பொருள்களில் முதன்மையான 6பிபிடி, ஓசோனோடு வினைபுரிந்து உண்டாக்கும் ஒரு சேர்மம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டறியப்பட்டது, டயரைக் காப்பது மீனுக்கு நஞ்சாகும் இச்சிக்கல் தனியே பேச வேண்டியது.)

ஆகவே, நிறுத்துவதற்கு முன் டயரைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்துவதே போதுமானது. பளபளப்புக்காகப் பூசப்படும் பெட்ரோலிய எண்ணெய்க் கலவைகள் அந்தக் காப்புப் படலத்தையே கரைத்துவிடக் கூடுமாதலால், அவற்றைத் தவிர்ப்பதே அறிவுடைமை. பொறிபறக்கும் மின்மோட்டாரும் வெல்டிங் கருவியும் ஓசோனை உண்டாக்குமாதலால் அவை இயங்கும் கொட்டகையும் ஏற்ற இடமன்று. வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் சக்கரங்களுக்கு உறை கட்டாயம் வேண்டும். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி எறிவதால், குளிர்காலச் சூரியன் தாழ்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் டயரைத் திறந்துவிடுவது தவறாகும்.

அடுத்தது காற்றழுத்தம். சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தத்தில், 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நிரப்பப்பட்ட டயர், துளியும் கசியாமலிருந்தாலும், −30 பாகையில் ஏறத்தாழ 39 பவுண்டையே காட்டும். வின்னிபெக்கின் ஜனவரி இரவுகளுக்கு அக்குளிர் புதிதன்று. அழுத்தம் குறைந்த டயர் சுமையின்கீழ் மேலும் நசுங்குவதால், தரையைத் தொடும் பகுதி தட்டையாகவே இறுகிவிடும். சில நாள் நிறுத்தத்தில் உண்டாகும் தட்டை, ஓடிச் சூடேறியதும் மறைந்துவிடும். மாதக்கணக்கில் உண்டானது நிலைத்துவிடவும் கூடும். இதனால் நிறுத்தும்போது டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அழுத்தம் வரை நிரப்புவது வழக்கம். ஆனால் கடுங்குளிரிலேயே 50 பவுண்டு வரை ஏற்றிவிட்டு மறந்தவரின் டயரில், 20 பாகை வெயிலில் அது 63 பவுண்டாகிவிடும் என்பதால், வசந்தத்தில் மீண்டும் அளக்காமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. சிமெண்டுத் தரை டயரின் உயிரை உறிஞ்சிவிடும் என்பது பழங்கதை. சக்கரத்தின்கீழ் பலகை வைப்பதன் உண்மையான பயன், தேங்கிய நீரிலும் சேற்றிலும் டயர் உறைந்து ஒட்டாமல் காப்பதே. அப்பலகை டயர் பதியும் இடத்தைவிட எல்லாப் பக்கமும் அகன்றிருக்க வேண்டும். குறுகிய பலகையின் விளிம்பு டயரை வெட்டி அழுத்தும்.

ரப்பர் டயரில் மட்டும் இல்லை. போலர் போன்ற சிறு வண்டிகள் பலவற்றில் அது அச்சுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. லாரிகளில் காணும் அடுக்குப் பட்டைகளுக்கு மாறாக, இவ்வண்டிகளின் அதிர்வைத் தாங்குவது முறுக்கு அச்சு எனப்படும் அமைப்பாகும். சதுரக் குழாய் ஒன்றின் நடுவே, அதற்கு 45 பாகை திருப்பி, இன்னொரு சதுரத் தண்டு செருகப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே எஞ்சும் நான்கு மூலைகளிலும் நான்கு ரப்பர் உருளைகள் நெருக்கித் திணிக்கப்பட்டிருக்கும். இவ்வுருளைகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சுருக்கிய பிறகே குழாய்க்குள் செலுத்த முடிகிறது என்பதிலிருந்து, அவை எவ்வளவு இறுக்கத்தில் வாழ்கின்றன என்பது விளங்கும். சக்கரம் மேடேறும்போது அதைத் தாங்கும் கை சுழன்று தண்டைத் திருப்ப, உருளைகள் நசுங்கி எதிர்க்கின்றன. நீண்ட காலம் ஒரே பக்கமாக அழுத்தப்பட்ட ரப்பர் முழுமையாகப் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. பொறியியலாளர் இதை நிலைத்த அமுக்கம் என்பர். பழைய போலர்களில் சக்கரக் கை மேல்நோக்கித் திரும்பி, வண்டி குனிந்து நிற்பதற்கு இதுவே காரணம். இவ்வுருளைகளை மட்டும் பட்டறையில் மாற்ற வழியில்லை என்பதால், அச்சு முழுவதையும் மாற்ற நேர்கிறது.

எனவே முறுக்கு அச்சுள்ள வண்டியை, ஆறு மாதம் நிறுத்துவதானால், சுமையிறக்கி நிறுத்துவதே முறை. பட்டை அச்சுள்ள வண்டிக்கு இது டயரின் நலத்துக்காக மட்டுமே தேவைப்படுகிறது. உயர்த்தும் இடமே இங்கு முக்கியம். ஜாக்கையும், ஜாக் ஸ்டாண்டு எனப்படும் இரும்பு முட்டுகளையும் வண்டியின் சட்டத்துக்குக் கீழேதான் கொடுக்க வேண்டும். அச்சுக் குழாயில் கொடுத்தால் குழாய் வளைந்து சக்கரங்களின் நேர்மை குலையும். அச்சு தயாரிக்கும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேடும் இதையே வற்புறுத்துகிறது. வண்டியின் நான்கு மூலைகளில் தொங்கும் மெல்லிய ஊன்றுகோல்கள் ஆட்டத்தைத் தடுக்க மட்டுமே. அவற்றால் வண்டியைத் தூக்குவது ஆபத்தானது. வெறும் மண்ணில் முட்டுக் கொடுப்பதும் நம்பத்தக்கதன்று: மண்ணிலுள்ள நீர் உறைந்து நிலம் புடைக்கும், பின் பனி உருகும்போது அது இளகித் தாழும், இதில் ஒரு முட்டு மட்டும் சரிந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். உறுதியான தளம் இல்லாத இடத்தில், சக்கரங்களைத் தரையை விட்டு எழுப்பாமல், பாரத்தின் பெரும்பகுதியை மட்டும் முட்டுகளுக்கு மாற்றுவது அடக்கமான, ஆனால் சிறந்த வழி.

சக்கர மையத்தில் சுழலும் பேரிங்குகளுக்குக் கிரீஸ் மாற்றுவதை வசந்தத்துக்கு ஒத்திப்போடுவோர் பலர். கோடை முழுதும் ஓடிய கிரீஸில் நீர் புகுந்திருக்குமானால், அது குளிர்காலம் முழுதும் ஒரே இடத்தில் நின்று உருளைகளில் துருப்புள்ளிகளை உண்டாக்கும் என்பதால், நிறுத்துவதற்கு முன் மாற்றுவதே பொருத்தம். கைப்பிரேக் உள்ள வண்டியில் அதை இழுத்துவைத்து விட்டுச்சென்றால் பிரேக் கட்டை டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைப்பதே போதும்.

வசந்தத்தில் முட்டுகளை அகற்றியபின், அழுத்தத்தை அளந்து, பக்கச்சுவரின் இருபுறமும் வெடிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சக்கரங்கள் கழற்றப்பட்டிருந்தால், நட்டுகளின் இறுக்கத்தை முதல் 10, 25, 50 மைல்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் வட அமெரிக்கச் சந்தைக்கான டயர்களில் பொறிக்கப்படும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பத்து ஆண்டு கடந்த டயர், பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும், குளிர்காலத்தில் எவ்வளவு பேணப்பட்டிருந்தாலும், மாற்றப்பட வேண்டியதே.