பன்னீரை டம்ளரில் அளந்தால் பணம் போச்சு!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பதும் பன்னீர்தான். பந்தியில் குருமாவில் மிதப்பதும் பன்னீர்தான். முன்னது சொம்புக் கணக்கு. பின்னது பாலைத் திரித்து, வடிகட்டி எடுப்பது. அது கிலோ கணக்கு. இந்த இரண்டாவது பன்னீரை டம்ளரில் அளக்கப் போய்த்தான் கைக்காசு கரைகிறது.

செல்போனைப் பார்த்துச் சமைக்கும் காலம் இது. அதில் "ரெண்டு கப் பன்னீர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். கடையில் போய் அப்படிக் கேட்டால், "கப்புல டீதான் கெடைக்கும்க்கா, கிராம் சொல்லுங்க" என்பார் கடைக்காரர்.

உதிரியா? அமுக்கியா?

அமெரிக்கக் கப் என்பது சுமார் 240 மில்லி. தண்ணீர் ஊற்றினால் 240 கிராம். ரிக்கோட்டா என்று ஒரு வெளிநாட்டுச் சீஸ். நம்ம ஊர் பன்னீருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, மெத்தென்று இருக்கும். அதை நிரப்பினால் சுமார் 246 கிராம். கெட்டிச் சீஸைத் துருவி உதிரியாகப் போட்டாலோ சுமார் 113 கிராம்தான்! கப் ஒன்றே, எடை பாதிகூட இல்லை. இடையிடையே காற்று புகுந்து உட்கார்ந்து கொள்கிறது.

பன்னீருக்கும் இதே கதைதான். அமுக்கி நிரப்பினால் தண்ணீர் எடையை ஒட்டி வரும். உதிர்த்துப் போட்டால் வெகுவாகக் குறையும்.

வீட்டுக்கு ஒரு கப் என்றால் பரவாயில்லை. விசேஷத்துக்கு 20 கப் என்றால்? மேலே சொன்ன கணக்கில் ஒரு பக்கம் 4 கிலோ 920 கிராம். மறுபக்கம் 2 கிலோ 260 கிராம். கிலோ 400 ரூபாய் என்றே வைத்தாலும் வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. குறைத்து வாங்கினால் கடைசிப் பந்திக்கு வெறும் குழம்புதான்!

படி போனது, ஆழாக்கு போகவில்லை

படியில் அளந்த காலத்திலும் இந்தத் தகராறு உண்டு. தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா? மெட்ரிக் சட்டம் 1956-ல் வந்தது. 1962 ஏப்ரலில் கிலோ நாடு முழுக்கக் கட்டாயமானது. வீசையும் பலமும் கடையை விட்டுப் போயின. சமையல்கட்டில் மட்டும் ஆழாக்கு இன்னும் அசையவில்லை.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல. சுமார் 910 கிராம்தான். லிட்டர் விலையையும் கிலோ விலையையும் ஒன்றாக நினைத்து வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.

வீட்டிலேயே பன்னீர் எடுப்பவர்களுக்கு: ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 150 கிராம் தேறும். எருமைப்பால் என்றால் 200 கிராம் வரை வரும்.

தராசு இல்லையா? 200 கிராம் பாக்கெட் ஒன்றை வாங்கி, சமைக்கப் போகிற மாதிரியே உதிர்த்தோ துண்டு போட்டோ வீட்டு டம்ளரில் போட்டுப் பாருங்கள். எத்தனை டம்ளர் வருகிறதோ அதுதான் உங்கள் கணக்கு. பக்கத்து வீட்டு எவர்சில்வர் டம்ளரை இரவல் வாங்கினால் மறுபடியும் முதலிலிருந்து!