விரல் நிமிர்ந்தால் போதுமா?

மறுவாழ்வு மருத்துவம்: தொடர் – 9

கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கினார். தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன கைகளை அறுவை மூலம் நிமிர்த்தும் முயற்சி அது. முன்கையில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் தசைநார் ஒன்றை எடுத்து விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். விரல்கள் நிமிர்ந்தன, பிடிக்கவும் விடவும் முடிந்தது. மருத்துவக் கணக்கில் வெற்றிதான். ஆனால் குணமாகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். மடங்கிய கையைக் கண்டு காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடுவதில்லை. தொழுநோய் வந்த ஆள் என்று தெரிவதால் வேலை கொடுப்பாரும் இல்லை. பிச்சைக்குக்கூட உதவாத கையாகிவிட்டது என்பது அவர்கள் குறை. பிராண்ட் அதை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறைக்கு விடையாக நவஜீவ நிலையம் எழுந்தது. அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்றார்கள். கை நிமிர்ந்ததற்கு அதன் பிறகுதான் ஒரு பொருள் கிடைத்தது.

இந்த நிகழ்வை இந்த வாரக் கட்டுரையின் வாசலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அன்றாடச் செயல்கள் வழியே மறுவாழ்வு தரும் ஆக்குபேஷனல் தெரபி 1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஓர் அமைப்பாகத் திரண்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ‘ஆக்குபேஷன்’ என்றதும் பிழைப்புக்கான தொழில் என்று நினைத்துவிடுகிறோம். இத்துறையில் அது ஒருவரின் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களையும் குறிக்கும்: பல் தேய்ப்பது, வேட்டி கட்டுவது, கடைக்குப் போவது, பேரனுக்குச் சோறு ஊட்டுவது, கோயிலில் பஜனை பாடுவது எல்லாமே ஆக்குபேஷன்தான். இத்துறை தன் அடிப்படை என்று இன்று சொல்லிக்கொள்வது, சிகிச்சை பெறுபவரை மையமாகக் கொண்ட அணுகுமுறை. நோயாளியிடம் கனிவாகப் பேசுவதுதான் அது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். கனிவு எல்லா மருத்துவத்துக்கும் வேண்டியது. இங்கே கேட்கப்படுவது அதைவிடக் கடினமானது. எதற்காகச் சிகிச்சை என்று முடிவு செய்யும் உரிமையைச் சிகிச்சை பெறுபவரிடமே கொடுத்துவிட வேண்டும். அந்த உரிமை கொடுக்கப்படாத இடத்தில், கைதேர்ந்த சிகிச்சைகூடக் குறி தவறிப்போகும் என்பதே என் வாதம்.

சிகிச்சை பெறுபவரைக் குறிக்கும் ‘கிளையன்ட்’ என்ற சொல்லை உளசிகிச்சைக்குள் வேரூன்றச் செய்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். கிளையன்டை மையமாகக் கொண்ட சிகிச்சை என்பதையே தலைப்பாக்கி 1951இல் ஒரு நூல் வெளியிட்டார். தன் சிக்கலைத் தானே அறிந்து வழிதேடும் ஆற்றல் மனிதருக்கு உண்டு, அதற்கு இடம் கொடுப்பதே ஆலோசகரின் வேலை என்பது அவர் நிலைப்பாடு. இந்த எண்ணத்தை உடல் செயலிழந்தோர் சிகிச்சைக்குள் முறைப்படி கொண்டுவந்தவர்கள் கனடாக்காரர்கள். அந்நாட்டு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கம், நடுவண் அரசின் சுகாதாரத் துறையோடு சேர்ந்து 1983இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1991இல் மேரி லா உள்ளிட்ட ஆறு ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் முதல் கேள்வி உடலைப் பற்றியதல்ல. தன்னைப் பேணுவது, உழைப்பு, ஓய்வுப்பொழுது ஆகிய மூன்றிலும் நீங்கள் செய்ய விரும்பியும் செய்ய முடியாமல் இருப்பவை எவை என்று கேட்பார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று அவரே 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். அவற்றுள் ஐந்துவரை தேர்ந்தெடுத்து, இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு மனநிறைவு என்று மறுபடியும் அவரே மதிப்பிடுவார். சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு அதே கேள்விகள். 2 புள்ளி ஏறியிருந்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று கொள்கிறார்கள்.

இதன் அருமை தெரிய, பழைய அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1965இல் வெளிவந்த பார்தெல் குறியீடு உலகெங்கும் பக்கவாத வார்டுகளில் இன்றும் பயன்படுகிறது. உண்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, நடை, படி ஏறுவது என்று பத்துச் செயல்கள். மொத்தம் 100 மதிப்பெண். பயனுள்ள கருவிதான். எனினும் 100 வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று கொள்ளக் கூடாது, அவரால் சமைக்க முடியாமல் போகலாம் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்தார்கள். பத்தையும் சரியாகச் செய்யும் தையற்காரர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருக்கலாம். சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போடுவதற்கு ஆறு வாரம் பயிற்சி பெற்ற முதியவருக்கு, வீட்டில் சட்டை போடும் வழக்கமே இல்லாமலும் இருக்கலாம். பட்டியல் எல்லோருக்கும் பொது. வாழ்க்கை அப்படி இல்லை.

இலக்கை யார் தேர்ந்தெடுத்தால் என்ன, பயிற்சி பயிற்சிதானே என்று கேட்கலாம். இங்கேதான் ஆய்வுகள் உதவுகின்றன. பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுச் சூழலில் தரப்பட்ட ஆக்குபேஷனல் தெரபி குறித்த எட்டு ஆய்வுகளின் தரவுகளை, 1143 பேருடையவை, ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை 2004இல் வெளிவந்தது. குறிப்பிட்ட செயலைக் குறிவைத்துக் கொடுத்த பயிற்சிதான் நல்ல பலன் தந்தது. அன்றாடச் செயல்களில் பழகியவர்கள் அவற்றில் தேறினார்கள். ஓய்வுப்பொழுதுச் செயல்களில் பழகியவர்களுக்கு முன்னேற்றம் அங்கே தெரிந்தது. ஒன்றைப் பழகினால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது இடம் தரவில்லை. பழகுவதுதான் வரும் என்றால், எதைப் பழகுவது என்ற முடிவே சிகிச்சையின் பாதி. இன்னொரு சான்று லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து. 60 வயதைத் தாண்டிய 361 பேரை மூன்று பிரிவாக்கி ஒன்பது மாதம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. ஒரு பிரிவினர் தங்கள் அன்றாட வாழ்வைத் தாங்களே அலசி மாற்றியமைக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் துணைநின்றார்கள். அடுத்த பிரிவினருக்குப் பொதுவான பொழுதுபோக்குக் கூட்டங்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. முதல் பிரிவினருக்கு உடல்நலத்திலும் செயல்திறனிலும் வாழ்க்கை நிறைவிலும் பயன் தெரிந்தது. பொழுதுபோக்கில் வைத்திருந்தவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஏதாவது ஒன்றில் ஈடுபடுத்தி வைத்தால் போதும் என்று முதியோர் இல்லங்களில் நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு, நோயாளிக்கு மருத்துவம் தெரியாது, அவர் கேட்பதெல்லாம் கொடுத்தால் ஆபத்தில் முடியும் என்பது. பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பக்கப் பார்வைக் கவனம் குறைந்த விவசாயி, மறுபடி மொபெட் ஓட்ட வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரி என்று சாவியைக் கொடுப்பது இந்தக் கோட்பாடு ஆகாது. உங்களுக்கும் சாலையில் வருபவருக்கும் இதனால் ஆபத்து என்று ஒளிக்காமல் சொல்வது சிகிச்சையாளரின் கடமை. அதோடு பேச்சை முடிக்காமல், வண்டியில் எங்கே போக வேண்டும் என்று கேட்பதும் அதே கடமையின் மறுபாதி. தினமும் வயலைப் போய்ப் பார்க்க வேண்டும், சந்தையில் நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்பது பதிலாக வரலாம். அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. போக வேண்டிய ஊரை அவர் சொல்கிறார், பாதையின் மேடுபள்ளத்தை இவர் அறிவார். இரண்டு அறிவும் சமமாக மேசைமேல் வர வேண்டும் என்பதற்கு மேல் இக்கோட்பாடு எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. தனிமனிதரை மையத்தில் நிறுத்துவது மேற்கின் பழக்கம். குடும்பமாக முடிவெடுக்கும் சமூகங்களுக்கு அது பொருந்துமா? இதே கேள்வியை ஜப்பானிய மரபில் வந்த கனடா நாட்டுத் தெரபிஸ்ட் மைக்கேல் இவாமா எழுப்பினார். 2006இல் அவர் நூலாக வெளியிட்ட ‘காவா’ மாதிரி, வாழ்க்கையை ஓர் ஆறாகப் பார்க்கிறது. ‘காவா’ என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு. நீரும் பாறையும் கரையும் மிதக்கும் கட்டையும் சேர்ந்ததுதான் ஆறு. மனிதரைச் சூழலிலிருந்து பிரித்து எடுத்துப் பார்க்க முடியாது. இந்தத் திருத்தத்தை நாம் முழுமனதோடு ஏற்க வேண்டும். தானே உடுத்திக்கொள்வதைவிட மனைவி உடுத்திவிடுவதே தனக்கு இயல்பு, அந்த நேரத்தில் தோட்டத்தில் உட்கார்ந்து பூ கட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதுவும் ஏற்கத்தக்க இலக்குதான். அந்த மனைவிக்கும் அது சம்மதமா என்று கேட்டுவிட வேண்டும். ஆனால் குடும்பம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அபாயமும் உண்டு. முடக்குவாதத்தால் விரல் வீங்கிய மருமகளுக்குச் சிகிச்சை இலக்கு என்ன என்று கேட்டால், சீக்கிரம் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும் என்று பதில் சொல்வது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர். அந்த மருமகளுக்கு வேறு ஆசை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. குடும்பம் உடன் இருக்கட்டும். சிகிச்சை பெறுபவரின் வாயாக மட்டும் அது ஆகக் கூடாது.

பேசவே முடியாதவர்களுக்கு, நினைவு மங்கியவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பது மூன்றாவது. நெதர்லாந்தில் டிமென்ஷியா உள்ள 135 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஐந்து வாரத்தில் பத்து அமர்வுகள், அவர்கள் வீட்டிலேயே. நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் எந்தச் செயல் பொருளுள்ளது என்பதைப் பேசியும் கவனித்தும் கண்டுபிடித்து, அதற்கேற்ப வீட்டையும் செயலின் படிகளையும் மாற்றினார்கள். நோயாளிகளின் அன்றாடச் செயல்திறன் கூடியது. பராமரிப்பவரின் சுமை குறைந்தது. நினைவு மங்கியவருக்கும் விருப்பம் மங்குவதில்லை. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதே திசையில்தான் போகிறது. மனநோய் உள்ளவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று முன்கூட்டியே கொள்வதை அது ஏற்பதில்லை. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னதாகவே எழுதிவைக்கும் உரிமையையும் தருகிறது.

எனக்கு எதிரான சான்றையும் சொல்ல வேண்டும். சுவீடனில் 16 மறுவாழ்வுப் பிரிவுகளில், பக்கவாதம் வந்த 280 பேரிடம், இந்த அணுகுமுறைப்படி வடிவமைத்த சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். 2014இல் முடிவு வெளியானது. வாழ்வில் எவ்வளவு பங்கேற்க முடிகிறது என்ற முதன்மை அளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இதை மழுப்பக் கூடாது. தனி மனிதரை மதித்துக் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே ஊறிய நாட்டில், வழக்கமான சிகிச்சையும் அதே குணத்தோடுதான் இருந்திருக்கும் என்பது என் வாசிப்பு. ஒப்பிடப்பட்ட இரண்டுக்கும் இடைவெளி சிறிது. அதே நேரம், இந்த அணுகுமுறை எல்லா அளவிலும் அற்புதம் நிகழ்த்தும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். இன்னொரு ஆய்வு இத்துறையினரின் மனச்சாட்சியைத் தொட வேண்டியது. 2006இல் அமெரிக்காவில் வெளியான அதில், நோயாளிகளை இலக்கு நிர்ணயத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்று தெரபிஸ்ட்கள் சொன்ன அளவுக்கு, சேர்த்துக்கொள்ளப்பட்டோம் என்று நோயாளிகள் உணரவில்லை. கேரன் வேலி ஹாமெல் போன்ற விமர்சகர்கள் வைக்கும் குற்றச்சாட்டும் இதுதான்: நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்று துறை தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறது, சான்றிதழ் தர வேண்டியவர் சிகிச்சை பெறுபவர்.

கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது கடைசி மறுப்பு. சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு என்பது உண்மை. அது அரசு தீர்க்க வேண்டிய குறை. ஆனாலும் கனடா அளவுகோலின் உரையாடலுக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம் போதும். வேண்டாத செயலைப் பல வாரம் பழக்கி, பிறகு நோயாளி வராமல் நின்றுவிடுவதில் விரயமாகும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அரை மணி நேரம் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்.

வேலூருக்குத் திரும்புவோம். அங்கே முறையிட்டவர்கள் கேட்டது விரலைப் பற்றியதல்ல, பிழைப்பைப் பற்றியது. அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியதால்தான் அறுவைக் கூடத்துக்கு அப்பால் ஒரு தச்சுப் பட்டறை தேவைப்பட்டது. நோயாளியிடம் கேட்கத் தொடங்கினால் பதில் பல நேரம் உடலுக்கு வெளியே போகும்: வீட்டு வாசற்படி, பேருந்தின் உயரமான படி, வேலை தராத முதலாளி என்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அவற்றில் சிலவற்றைச் சரிசெய்யக் கடமை விதித்திருக்கிறது. சிகிச்சையாளர் ஒருவரால் அதெல்லாம் முடியாது. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற செய்தி அவர் கேட்கும் கேள்வியிலிருந்துதான் வெளியே வரும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் வீட்டில் ஒருவர் பக்கவாதத்துக்கோ எலும்பு முறிவுக்கோ பிறகு சிகிச்சையாளர் முன் உட்காரும்போது, அவருக்காக நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். “எதை மறுபடியும் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?” என்று சிகிச்சையாளர் கேட்கவில்லை என்றால், நீங்கள் கேளுங்கள். நா குழறினாலும் பதில் வரும்வரை காத்திருங்கள். வந்த பதிலை ஒரு தாளில் எழுதி, சிகிச்சைச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

(தொடரும்)